அசெம்பிள் செய்வதா, ரெடிமேடாக வாங்குவதா? டெஸ்க்டாப் முடிவுக்கு ஒரு முழு வழிகாட்டி

டெஸ்க்டாப் வாங்க நினைப்பவர்கள் எடுத்ததுமே கேட்பது, “பிராண்டட் நல்லதா, அசெம்பிள்டு நல்லதா?” என்பதைத்தான். இதை முதலில் கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். என்ன வேலை, என்னென்ன பாகம், என்ன விலை, பழுதானால் யார் பார்ப்பது என்ற நான்குக்கும் விடை தெரிந்த பிறகு கேட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ரெடிமேடாகத்தான் வாங்கப்போகிறேன் என்று முன்பே முடிவு செய்தவர்களும் 3ஆம் படியை விட்டுவிடவேண்டாம்; 1ஆம் படியில் சொல்லும் எளிய வேலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. பாகப் பட்டியல் கையில் இல்லாமல் ரெடிமேட் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாள் அல்லது ஸ்ப்ரெட்ஷீட். நீங்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேர்களின் பெயர்கள். மானிட்டர் ஏற்கெனவே இருந்தால் அதன் ரெசல்யூஷன், பின்னால் இருப்பது எச்டிஎம்ஐயா டிஸ்ப்ளேபோர்ட்டா என்ற விவரம். கேபினெட் வைக்கப்போகும் இடத்தின் நீளம், அகலம், உயரம். செலவு செய்யக்கூடிய மொத்தத் தொகை. அதில் மானிட்டர், கீபோர்டு, யூபிஎஸ் அடங்குமா அடங்காதா என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். கடைசி நேரத்தில் பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இந்த உதிரிகளால்தான்.

1. முதலில் வேலையை எழுதுங்கள்

“வீடியோ எடிட்டிங்” என்று எழுதினால் போதாது. “4கே வீடியோ, வாரத்துக்கு ஒன்று, அரை மணி நேர நீளம், இந்த சாஃப்ட்வேரில்” என்று எழுதுங்கள். கேம் என்றால் எந்தக் கேம், எந்த ரெசல்யூஷனில் என்று எழுதுங்கள். எந்தப் பாகத்தில் பணம் போட வேண்டும் என்பதை இந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு வேலைகளில் ஒன்று பிராசஸரையும் இன்னொன்று கிராபிக்ஸ் கார்டையும் தின்னும்.

இங்கேயே சிலர் நின்றுவிடலாம். ஆவணங்கள், மின்னஞ்சல், பிரௌசர், ஆன்லைன் வகுப்பு, கணக்கு வழக்கு, இவ்வளவுதான் வேலை என்றால் அசெம்பிள் செய்வதில் லாபம் மிகக் குறைவு. பெரிய நிறுவனங்கள் பிராசஸரையும் விண்டோஸ் உரிமத்தையும் மொத்தமாக வாங்குவதால், இந்த மட்டத்தில் அவர்கள் தரும் விலையைத் தனியாளாகப் பிடிப்பது கடினம். 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்குக்குப் பதிலான வேகமான சேமிப்பு), பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் என்று ஒரு சிறிய ரெடிமேட் பெட்டி போதும். நேராக 4ஆம் படிக்குப் போய் அங்குள்ள கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசைக்காக அசெம்பிள் செய்தால் அது வேறு விஷயம், தாராளமாகச் செய்யலாம்.

2. பழையதில் எது தேறும் என்று பாருங்கள்

மானிட்டர், கீபோர்டு, மௌஸ், நல்ல நிலையில் உள்ள எஸ்எஸ்டி ஆகியவை புதிய சிஸ்டத்துக்கு அப்படியே வரும். பழைய டிடிஆர்3 ராம் வராது. பல வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸையும் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) கழற்றி மாட்டவேண்டாம். அது போகும்போது கூடவே மதர்போர்டையும் (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) கொண்டுபோகலாம்.

விண்டோஸ் உரிமத்தைத் தனியாகப் பாருங்கள். தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமத்தைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றலாம். சிஸ்டத்தோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டுண்டது, கூட வராது. அசெம்பிள் செய்பவர்கள் மறந்துவிட்டு, எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு தலையில் கை வைக்கும் செலவு இது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால் புதிய சிஸ்டம் தேடுபவர்களும் உண்டு. அவர்கள் ஒருமுறை சரிபார்க்கட்டும்: விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், பெரும்பாலும் இன்டெலில் 8ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை அல்லது அவற்றுக்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். இருக்கும் சிஸ்டத்தின் பிராசஸர் அந்த அளவை எட்டியது என்றால், டிபிஎம் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அணைந்து கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்காது.

3. பாகப் பட்டியல் போடுங்கள்

முழு வேலையும் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். நீங்கள் ஸ்க்ரூ டிரைவரைத் தொடப்போவதே இல்லை என்றாலும் பட்டியல் வேண்டும். ரெடிமேட் விலை நியாயமா என்று அளக்க வேறு அளவுகோல் கிடையாது.

கேம் விளையாடுபவர்கள் கிராபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்குங்கள். மற்றவர்கள் பிராசஸரிலிருந்து தொடங்குங்கள். கேபினெட்டிலிருந்து தொடங்கும் பழக்கம் புதியவர்களிடம் அதிகம்: கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கும் உள்ள கேபினெட்டை முதலில் பிடித்துவிடுவார்கள். அப்புறம் அதற்குள் கார்டு நுழையாது.

பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 5600க்குக் கிடையாது, 5600ஜிக்கு உண்டு. தனி கார்டு வாங்காமல் இப்படிப்பட்ட பிராசஸரை எடுத்தால் சிஸ்டம் ஓடும், திரையில் ஒன்றும் வராது.

அடுத்து மதர்போர்டு. பிராசஸர் உட்காரும் சாக்கெட் பொருந்த வேண்டும்: ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு ஏஎம்5, இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை வரை எல்ஜிஏ1700, டெஸ்க்டாப்புக்கான கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851. சாக்கெட் பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டதாக நினைக்கவேண்டாம். போர்டு கடையில் நெடுநாள் இருந்த பழைய ஸ்டாக் என்றால், பின்னால் வந்த பிராசஸரை அதன் பயாஸ் அடையாளம் காணாது. பிராசஸர் இல்லாமலே பென் டிரைவ் மூலம் பயாஸை அப்டேட் செய்யும் பட்டன் சில போர்டுகளில் உண்டு. இருந்தால் அந்த மாடலையே எடுங்கள்.

ராம் எந்த வகை என்பதை மதர்போர்டுதான் முடிவு செய்கிறது. ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4 கேட்பதும் உண்டு, டிடிஆர்5 கேட்பதும் உண்டு. இரண்டிலும் 288 பின்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு என்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. 16 ஜிபி வேண்டும் என்றால் 8 ஜிபி குச்சிகள் இரண்டாகப் பட்டியலில் எழுதுங்கள். மெமரிக்கான இரண்டு பாதைகளும் (சேனல்) வேலை செய்தால்தான் மெமரி முழு வேகத்தில் ஓடும். பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எஸ்எஸ்டியில் ரொம்பக் குழம்பவேண்டாம். சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை படிக்கும், அதைவிட வேகமான என்விஎம்இ வகையில் நான்காம் தலைமுறை 7000 எம்பியை ஒட்டிப் போகும். பெரிய கோப்புகளை நகர்த்துபவர்களுக்குத்தான் அது தெரியும். ஹார்டு டிஸ்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு வந்தாலும் வேறு உலகம்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கிராபிக்ஸ் கார்டு தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் வாட் அளவைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு மட்டும் தனியாக எடுப்பது 115 வாட்தான். ஆனால் கோர் ஐ9-14900கே பிராசஸர் மட்டுமே 253 வாட் வரை இழுக்கும். “80 பிளஸ் கோல்டு” என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று அது சொல்லாது. அதற்கு அந்த மாடலைப் பிரித்துச் சோதித்த விமர்சனத்தைத் தேடிப் படிக்க வேண்டும்.

கேபினெட் கடைசியில் வரட்டும். மூன்று எண்களை ஒப்பிடுங்கள்: கார்டின் நீளம், பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம், போர்டின் அளவு. ஏடிஎக்ஸ் போர்டு 305×244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244×244, மினி ஐடிஎக்ஸ் 170×170.

பட்டியலை பிசிபார்ட்பிக்கர் போன்ற தளத்தில் போட்டால் பொருந்தாத பாகங்களை அது காட்டிக்கொடுக்கும். அது பச்சைக்கொடி காட்டினாலும், பயாஸ் பதிப்பையும் கூலர் உயரத்தையும் தயாரிப்பாளரின் பக்கத்தில் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.

4. அதே பட்டியலுக்கு ரெடிமேடைத் தேடுங்கள்

இப்போது உங்கள் பட்டியலுக்கு மிக அருகில் உள்ள இரண்டு மூன்று ரெடிமேட் மாடல்களை எடுங்கள். விளம்பரத்தில் இருப்பதை விட இல்லாததை அதிகம் கவனிக்க வேண்டும்.

“கோர் ஐ7, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி” என்ற வரியில் ஐ7 என்பதற்குத் தனியாகப் பொருளே இல்லை. 2011இல் வந்த ஐ7-2600க்கும் 2022இல் வந்த ஐ3-12100க்கும் 4 கோர் (வேலை செய்யும் மையம்), 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை)தான். ஐ3 வெகுவாக முந்திவிடும். மாடல் எண் முழுதாக இல்லாத விளம்பரத்தை அங்கேயே மூடிவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை: ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 6 ஜிபி கார்டும் உண்டு. 6 ஜிபி கார்டில் மெமரியோடு கோர்களும் குறைவு.

விற்பவரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: மதர்போர்டு மாடல் என்ன, எஸ்எம்பிஎஸ் எந்த நிறுவனம், எத்தனை வாட்? ராம் ஒரே குச்சியா இரண்டா, காலி ஸ்லாட் உண்டா? எஸ்எஸ்டி எந்த வகை? பக்கத்துக் கதவைத் திறந்தால் வாரண்டி போகுமா? எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லையோ, அந்த இடத்தில் இருப்பதிலேயே மலிவானதை வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு விலையைக் கணக்கிடுங்கள்.

இன்னொன்று, பெரிய நிறுவனங்களின் பல மாடல்களில் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், ஃபேன் இணைப்பு எல்லாமே அவர்களுக்கென்று தனி வடிவில் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் முதன்மைக் கேபிளில் 24 பின் இருந்தால் பெரும்பாலும் பொதுவான வகை. அதைவிடக் குறைவு என்றால், மூன்று வருடம் கழித்துப் பெரிய கார்டு போடலாம் என்ற திட்டத்தை இப்போதே அடித்துவிடுங்கள். அந்தத் திட்டமே இல்லாதவருக்கு இது ஒரு குறையும் அல்ல.

5. இரண்டு விலையையும் ஒரே நாளில் ஒப்பிடுங்கள்

அசெம்பிள் பக்கத்தில் மறைந்திருக்கும் செலவுகளைச் சேர்த்தாக வேண்டும்: விண்டோஸ், வைஃபை (பல மலிவான போர்டுகளில் இருக்காது), கூலர் தனியாக வாங்க வேண்டியிருந்தால் அது, ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி டெலிவரி. ரெடிமேட் பக்கத்தில், எப்படியும் மாற்றப்போகும் பாகத்தின் விலையைச் சேருங்கள். ஒரே குச்சி ராம் என்றால் இன்னொரு குச்சியின் விலை அது.

போன மாதம் எழுதிய விலையை இன்றைய ரெடிமேடோடு ஒப்பிடவேண்டாம். 2020–21இல் கிராபிக்ஸ் கார்டுத் தட்டுப்பாடு வந்தபோது, தனிக் கார்டின் விலைக்குப் பக்கத்திலேயே முழு ரெடிமேட் சிஸ்டம் கிடைத்த நேரங்கள் உண்டு. 2025இன் பிற்பகுதியில் ராம் விலை வேகமாக ஏறியது. பழைய ஸ்டாக் ராமோடு கட்டிவைத்த ரெடிமேட் இப்படிப்பட்ட சமயத்தில் மலிவாகத் தெரியும். “அசெம்பிள்தான் எப்போதும் மலிவு” என்ற பேச்சு சில வருடங்களில் சரி, சில வருடங்களில் தவறு.

6. பழுதானால் யார் பார்ப்பது?

விலை வித்தியாசம் சிறியது என்றால் முடிவு இங்கேதான் விழும். ஸ்க்ரூ முறுக்கத் தெரியுமா என்பது பெரிய விஷயமே அல்ல. பூட்டும் வேலையை யாரும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். பூட்டிய பிறகு சிஸ்டம் வாரத்துக்கு இரண்டு முறை காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராமா, எஸ்எம்பிஎஸ்ஸா, போர்டா? மாற்றிப் போட்டுப் பார்க்க உங்களிடம் உதிரிப் பாகம் இருக்காது. எந்தப் பாகம் என்று நீங்கள் சொல்லாமல் எந்த விற்பனையாளரும் வாரண்டியில் எடுக்கமாட்டார். ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

ரெடிமேடில் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிடலாம். பதிலுக்கு நாட்களை இழப்பீர்கள். சரிசெய்யும்போது டிஸ்கை அழித்துவிடும் வாய்ப்பும் உண்டு, அதனால் பேக்கப் இல்லாமல் கொடுக்காதீர்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டியா, கொண்டுபோய்க் கொடுக்கும் வாரண்டியா என்று வாங்கும் முன் கேளுங்கள்.

காலம் போகப் போகக் கணக்கு மாறும். முழு சிஸ்டத்துக்கான வாரண்டி பெரும்பாலும் 1 முதல் 3 வருடம். தனியாக வாங்கிய நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு 7, 10 வருடம்கூடத் தருகிறார்கள். பெட்டியில் வரும் பிராசஸருக்கு வழக்கமாக 3 வருடம்; பெட்டி இல்லாமல் டிரே வகையில் விற்பதற்குத் தயாரிப்பாளரின் நேரடி வாரண்டி கிடைக்காமல் போகலாம், விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, முதல் வருடத்தில் ரெடிமேட் நிம்மதி. ஐந்தாம் வருடத்தில், கழற்றி மாட்டக்கூடிய அசெம்பிள்டு சிஸ்டம் கைகொடுக்கும்.

உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கம்ப்யூட்டர் இல்லாமல் எத்தனை நாள் சமாளிக்க முடியும்? பிழைப்பே அதில் ஓடுகிறது, இன்னொரு லேப்டாப்பும் இல்லை என்றால், முதல் அசெம்பிளை இப்போது செய்யவேண்டாம்.

7. நடுவில் இருக்கும் வழிகளையும் பாருங்கள்

உங்கள் பட்டியலைக் கடையில் கொடுத்து அவர்களையே பூட்டச் சொல்வது ஒரு வழி. எனக்குப் பிடித்ததும் இதுதான், முதல்முறை வாங்கும் பலருக்கு இதையே சொல்கிறேன். பாகம் உங்கள் தேர்வு, முதல் நாள் பழுது அவர்கள் பொறுப்பு. பில்லில் ஒவ்வொரு பாகமும் மாடல் எண்ணோடு தனித்தனியாக இருக்க வேண்டும், சீரியல் எண் போட்டால் இன்னும் நல்லது. “ஸ்டாக் இல்லை, இதுவும் அதே மாதிரிதான்” என்று மாற்றப்படும் பாகம் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸாகவே இருக்கும். அதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய அலுவலக டெஸ்க்டாப் வாங்கிக் கார்டு போடுவது இன்னொரு வழி. ஒல்லியான பெட்டிகளில் பாதி உயரக் கார்டுதான் நுழையும். கூடுதல் பவர் இணைப்பும் இருக்காது. ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். அந்த வரம்புக்குள் வரும் கார்டு எது என்று பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்குங்கள்.

8. அசெம்பிள் என்று முடிவானால்

எல்லாப் பாகங்களையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள். தள்ளுபடிக்குக் காத்திருந்து மூன்று மாதமாக ஒவ்வொன்றாகச் சேர்ப்பவர்கள், போர்டு பழுது என்று கண்டுபிடிக்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்திருக்கும்.

குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை முன்பே ஏற்றிக்கொள்ளுங்கள். போர்டின் வைஃபை டிரைவரையும் அதிலேயே போட்டுவையுங்கள். நெட் இல்லாமல் விண்டோஸ் 11 நிறுவல் பாதியில் நிற்கும், டிரைவரை இறக்கவோ நெட் இருக்காது.

கேபினெட்டுக்குள் போகும் முன், போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து பிராசஸர், கூலர், ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி ஒருமுறை இயக்குங்கள். பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும் வேண்டும். பழுது இருந்தால் எல்லாவற்றையும் கழற்றாமல் இங்கேயே தெரிந்துவிடும். இரண்டு குச்சி ராம் என்றால், வழக்கமாக பிராசஸரிலிருந்து எண்ணி 2ஆம், 4ஆம் ஸ்லாட்டுகள். போர்டின் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். கூலரின் அடியில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் உரித்துவிட்டு மாட்டுங்கள்.

டிடிஆர்5 சிஸ்டத்தில் முதல் முறை இயக்கும்போது, மெமரியைப் பழக்கும் வேலை நடப்பதால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பயந்து ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போடுபவர்கள் அதை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள். காத்திருங்கள். அப்புறமும் வரவில்லை என்றால், போர்டின் ஓரத்தில் இருக்கும் சிறு விளக்குகளில் எது எரிகிறது என்று பாருங்கள்: சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பெயர் போட்டிருக்கும்.

கேபினெட்டில் போர்டைப் பொருத்தும்போது, அதன் துளைகளுக்கு நேராக மட்டும் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சிறு உலோகக் கால்) இருக்க வேண்டும். அதிகப்படியான ஒன்று போர்டின் அடியில் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். பிராசஸருக்கான 8 பின் கேபிளை முதலிலேயே மேல் மூலைக்கு இழுத்துவையுங்கள், பிறகு கை நுழையாது. வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் (தனியாகக் கழற்றக்கூடிய) கேபிளை, முனை பொருந்தினாலும் மாட்டாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கப் பின் வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது, ஒரு நொடியில் டிஸ்க் கருகிவிடும்.

எல்லாம் ஓடிய பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ராமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்குங்கள். இல்லையென்றால் விலை கொடுத்து வாங்கிய ராம் அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

9. ரெடிமேட் என்று முடிவானால்

வந்த அன்றே, மின்சாரம் கொடுக்கும் முன், அனுமதி இருந்தால் பக்கத்துக் கதவைத் திறங்கள். பயணத்தில் கார்டு ஆடாமல் இருக்க உள்ளே நுரைப்பை வைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் இயக்குபவர்கள் இருக்கிறார்கள். கார்டும் ராமும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா பாருங்கள். விற்பவர் எழுத்தில் சொன்ன பாகங்கள்தான் உள்ளே இருக்கின்றனவா என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் மாட்டுங்கள். மதர்போர்டில் மாட்டிவிட்டு, “கேம் ஓடவே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்” என்று திருப்பி அனுப்பக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அசெம்பிள் செய்தவர்களும் இதே தவறைச் செய்வார்கள்.

பிறகு, எந்த வழியில் வந்த சிஸ்டமானாலும், திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் அதை நன்றாக வேலை வாங்குங்கள். மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருள் கொண்டு ராமை ஓர் இரவு முழுக்கச் சோதியுங்கள். 1ஆம் படியில் எழுதிய அதே வேலையை இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டி வெப்பநிலையைப் பாருங்கள். எல்லா யூஎஸ்பி துளைகளிலும் எதையாவது செருகிப் பாருங்கள். அட்டைப்பெட்டிகளை அதுவரை தூக்கிப் போடவேண்டாம். பெட்டி இல்லாமல் திருப்பி எடுக்கமாட்டோம் என்று சொல்லும் கடைகள் உண்டு.